நவம்பர் 9: ஜெர்மனியின் வரலாறு ஒரே தேதிக்கு ஏன் திரும்பத் திரும்ப வந்தது?

கேள்வி இதுதான்: 1848, 1918, 1923, 1938, 1989 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் ஜெர்மானியர்களின் வாழ்வைப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சிகள் நவம்பர் 9 என்ற ஒரே தேதியில் நடந்திருக்கின்றன, இது தற்செயலா, விதியா, யாரேனும் திட்டமிட்டுச் செய்ததா? அத்தனை முக்கியமான நாளை அந்நாடு ஏன் தன் தேசிய நாளாக வைத்துக்கொள்ளவில்லை?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் மூன்று, அதாவது 1848, 1918, 1989 ஆகியவை, தேதியைப் பொறுத்தவரை தற்செயலானவை. 1923-இல் நடந்தது 1918-இன் மீதான வெறுப்பில் முளைத்தது. 1938-இல் நடந்தது, 1923-ஐக் கொண்டாட ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட விழாவின் நடுவிலிருந்து புறப்பட்டது. விதி என்று சொல்லிவிட்டால் இந்தக் கடைசித் தொடர்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நான் இவ்வளவு விரிவாக எழுத முற்படுவது அதனால்தான்.

1848-இல் தொடங்குவோம். அந்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சிகள் வெடித்தன; சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகளின் மக்கள் பிராங்க்பர்ட் நகரில் தங்களுக்கென ஒரு தேசிய மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் உறுப்பினர்களுள் ஒருவர் ராபர்ட் புளூம். கொலோன் நகரத்து ஏழைக் குடும்பத்தில் 1807-இல் பிறந்து, லைப்சிக் நகரில் நாடக அரங்கப் பணியாளராக இருந்து, பின்னர் பதிப்பாளராகவும் மக்களாட்சிவாதிகளின் பேச்சாளராகவும் உயர்ந்தவர். அக்டோபரில் வியன்னா மக்கள் ஆஸ்திரியப் பேரரசுக்கு எதிராக எழுந்தபோது, மன்றத்தின் இடதுசாரிகள் சார்பில் ஆதரவு தெரிவிக்கச் சென்ற அவர், அங்கேயே தங்கித் தடுப்பரண்களில் நின்று போராடினார். பேரரசுப் படை நகரைக் கைப்பற்றியதும் பிடிபட்டார். தேசிய மன்ற உறுப்பினர் என்ற முறையில் அவருக்கிருந்த சட்டப் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல், இராணுவ நீதிமன்றம் ஒரே நாளில் விசாரணையை முடித்து, நவம்பர் 9 காலையில் அவரைச் சுட்டுக் கொன்றது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பேரரசு கொன்றபோது பிராங்க்பர்ட் மன்றத்தால் கண்டனம் தெரிவிப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. புரட்சி தோற்கப்போகிறது என்பதைப் பலர் உணர்ந்த நாள் அது. ஆனால் பின்னாளில் இத்தேதியில் நடந்தவற்றுக்கும் புளூமின் மரணத்துக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை.

1918-இல் நடந்ததும் திட்டமிட்ட தேதியில் நடந்ததன்று. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது என்பதைப் படைத்தலைவர் லூடண்டார்ப் செப்டம்பர் 29 அன்றே பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மிடம் ஒப்புக்கொண்டு, உடனடியாகப் போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்; பின்னால் வந்த பெரும் பொய் ஒன்றை இது உடைக்கும். அப்படியிருந்தும் அக்டோபர் இறுதியில் கடற்படைத் தலைமை பிரிட்டிஷ் கடற்படையுடன் கடைசியாக ஒரு போருக்குக் கப்பல்களை அனுப்ப முயன்றது. முடிந்துபோன போருக்காகச் சாக மறுத்து மாலுமிகள் கலகம் செய்தார்கள். நவம்பர் 4-இல் கீல் துறைமுகம் அவர்கள் கைக்கு வந்தது. அடுத்த சில நாட்களில் மியூனிக் உட்பட நகரம் நகரமாகத் தொழிலாளர், படைவீரர் குழுக்கள் அமைந்தன. 9-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, அலை பெர்லினை வந்தடைந்தது.

அந்த ஒரு நாளில் நடந்தவை நம்ப முடியாத வேகத்தில் நடந்தன. தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு நகர மையத்தை நோக்கித் திரண்டார்கள். பேரரசர் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த தலைமையகத்தில் முடிவெடுக்காமல் காலம் கடத்திக்கொண்டிருக்க, சான்சலர் இளவரசர் மாக்ஸ் நண்பகலில் பேரரசர் பதவி விலகிவிட்டதாகத் தாமாகவே அறிவித்து, தம் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிரீட்ரிக் ஏபர்ட்டிடம் ஒப்படைத்தார். பிற்பகல் சுமார் இரண்டு மணிக்கு அதே கட்சியின் பிலிப் ஷைடமான், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கீழே நின்ற கூட்டத்தை நோக்கிக் குடியரசைப் பிரகடனம் செய்தார். இதற்காக ஏபர்ட் அவர்மீது கடுங்கோபம் கொண்டார். ஆட்சிமுறையைத் தீர்மானிக்க வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட அவை என்பது அவரது எண்ணம். இரண்டு மணி நேரம் கழித்து, பேரரசரின் அரண்மனையில் தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் சுதந்திர சோஷலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். ஒரே நகரில் ஒரே நாளில் இரண்டு குடியரசுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் பேரரசர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார். 11-ஆம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தானது. 12-ஆம் தேதி புதிய அரசு பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு என அறிவித்தது.

பெண்களுக்கு வாக்குரிமையும் எட்டு மணி நேர வேலைநாளும் தந்த ஒரு புரட்சி, தன் சொந்த நாட்டிலேயே நன்றியுடன் நினைக்கப்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. அந்தப் புரட்சியில் பிறந்த வைமார் குடியரசு நவம்பர் 9-ஐத் தேசிய விழாவாக்க முடியாமல், அரசியலமைப்பு கையெழுத்தான ஆகஸ்ட் 11-ஐக் கொண்டாடியது. இடதுசாரிகளில் ஒரு பகுதியினருக்கு 1918 பாதியில் நின்ற புரட்சியாகவே தோன்றியது. வலதுசாரிகளோ அதைத் துரோகத்தின் நாள் என்றார்கள். போர்க்களத்தில் தோற்காத படையை உள்நாட்டில் சோஷலிஸ்டுகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற கதையைத் தளபதிகளே பரப்பினார்கள். தோல்வியைச் செப்டம்பர் 29-இல் ஒப்புக்கொண்டவர்கள்தாம், நவம்பர் 9-இல் எழுந்த மக்கள்மீது அந்தத் தோல்வியின் பழியைப் போட்டார்கள். ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்பது குடியரசின் தலைவர்களுக்கு அவர்கள் சூட்டிய வசைப்பெயர். ஒரு தேதி இப்படி வெறுப்பின் அடையாளமாக மாறியதிலிருந்துதான் தற்செயல் முடிந்து தொடர்ச்சி ஆரம்பமாகிறது.

1923-இன் இலையுதிர்காலத்தில் மார்க் நாணயத்தின் மதிப்பு அழிந்துபோயிருந்தது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியா மாநிலத்தில் சிறப்பு அதிகாரங்களுடன் ஆண்ட குஸ்தாவ் பான் கார், புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய மாலையில், மார்க்சியத்தைக் கண்டித்துப் பேசுவதற்காக மியூனிக்கின் பெரிய பீர்க்கூடம் ஒன்றில் கூட்டம் கூட்டினார். அதன் பெயர் பியூர்கர்பிராய்கெல்லர். வேறு நாளுக்குக் கலகம் திட்டமிட்டிருந்த ஹிட்லர், மாநிலத்தின் முக்கியப் புள்ளிகள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அந்த வாய்ப்பைப் பார்த்துத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தார். நவம்பர் 8 இரவு ஆயுதப்படையுடன் கூடத்தைச் சூழ்ந்து, கூரையை நோக்கிச் சுட்டு, பெர்லினில் இருக்கும் நவம்பர் குற்றவாளிகளின் ஆட்சி ஒழிந்தது என்று அறிவித்தார். மறுநாள் சுமார் 2,000 பேர் லூடண்டார்ப்புடனும் ஹிட்லருடனும் நகரின் நடுவே ஊர்வலமாகச் சென்றபோது, ஓடியன் சதுக்கத்தை ஒட்டிய பெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகே மாநிலக் காவல்துறை வழிமறித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு காவலர்கள் உயிரிழந்தார்கள். கலகக்காரர்கள் தரப்பில் அந்நாளின் சாவு 16 என்று கணக்கிடப்பட்டது.

கலகம் ஒரே நாளில் அடங்கிவிட்டது; ஆனால் அதை விசாரித்த நீதிமன்றம் ஹிட்லரை மேடையேற்றிவிட்டது. நான்கு காவலர்கள் இறந்த ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்கு அவருக்குக் கிடைத்த தண்டனை ஐந்தாண்டு. அதிலும் 1924 டிசம்பரிலேயே விடுதலை. லூடண்டார்ப் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். குடியரசைக் காப்பாற்ற வேண்டிய நீதிபதிகளே அதன் எதிரிகளிடம் இத்தனை பரிவு காட்டியதை, அந்தக் காலத்தின் மிகக் கசப்பான உண்மைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

1933-இல் நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த பிறகு, இந்தத் தோல்வி ஒரு புனித நாளாக மாற்றப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 8 மாலை ஹிட்லர் அதே பீர்க்கூடத்தில் பழைய தோழர்களிடம் பேசுவார். 9-ஆம் தேதி அதே வழியில் ஊர்வலம் நடக்கும். 1935-இல் அந்த 16 பேரின் உடல்களைத் தோண்டியெடுத்து, கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் கட்டிய இரண்டு நினைவு மண்டபங்களில் வைத்தார்கள். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். காவல் படையில் சேர்ந்த இளைஞர்கள் பெல்ட்ஹெர்ன்ஹாலேயின் முன்னே நள்ளிரவில் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த மண்டபத்தின் பக்கவாட்டில் வைத்த நினைவுச்சின்னத்தைக் கடப்பவர்கள் கையை உயர்த்தி வணக்கம் செலுத்த வேண்டும் என்பது விதி. அதைச் செய்ய விரும்பாதவர்கள் பின்புறமாக உள்ள விஸ்கார்டி சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள். இன்று அந்தச் சந்தின் தரையில், அவர்கள் நடந்த தடத்தை நினைவூட்டும் வெண்கலக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கடமையைச் செய்து மடிந்த நான்கு காவலர்களுக்கும் இன்று அங்கே நினைவுப் பலகை உண்டு. நாஜி ஆட்சியில் அவர்களை நினைக்க யாருக்கும் அனுமதி இருந்திருக்காது.

இப்போது 1938-க்கு வருகிறேன். இதுதான் இந்தப் பதிலின் மையம். அக்டோபர் இறுதியில் நாஜி அரசு போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை ஒரேயடியாக எல்லைக்கு அப்பால் துரத்தியது. அவர்களுள் ஹனோவர் நகரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மகன், பாரிஸில் இருந்த 17 வயது ஹெர்ஷல் கிரின்ஸ்பான், நவம்பர் 7 அன்று அங்குள்ள ஜெர்மன் தூதரகத்துக்குள் சென்று எர்ன்ஸ்ட் பொம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டார். காசல் போன்ற சில ஊர்களில் அன்றிரவே யூதர்கள்மீது தாக்குதல் தொடங்கிவிட்டது. ஆனால் அது நாடு முழுவதும் ஒரே இரவில் பரவியதற்குத் தேதி ஒரு காரணம். பொம் ராத் இறந்தது 9-ஆம் தேதி மாலை. கலகத்தின் 15-ஆம் ஆண்டு விழாவுக்காகக் கட்சியின் மாவட்டத் தலைவர்களும் அதன் அடியாள் படையான எஸ்.ஏ.வின் தலைவர்களும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து, மியூனிக் பழைய நகர மன்றத்தில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். செய்தி அந்த மேசைக்கே வந்து சேர்ந்தது. ஹிட்லர் பிரசார அமைச்சர் கோயபல்ஸுடன் தனியே பேசிவிட்டு, உரையாற்றாமல் வெளியேறினார். இரவு பத்து மணியளவில் கோயபல்ஸ் பேசினார். கேட்டவர்கள் தொலைபேசியை நோக்கிச் சென்று, தத்தம் ஊர்களில் இருந்த படைகளுக்கு உத்தரவிட்டார்கள்.

நள்ளிரவு கடந்து 1.20-க்கு பாதுகாப்புக் காவல்துறையின் தலைவர் ஹைட்ரிக் அனுப்பிய தந்தி, காவல்துறை தடுக்கக் கூடாது என்றும், ஜெர்மானியர்களின் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், வசதியுள்ள யூத ஆண்களைக் கைதுசெய்ய வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. யூதர்களின் தொழுகைக் கூடங்களும் வழிபாட்டு அறைகளுமாக 1,400-க்கும் மேற்பட்டவை அழிந்தன. சுமார் 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் டாஹாவ், பூகன்வால்ட், சாக்ஸன்ஹவுசன் வதைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட சாவு 91. முகாம்களில் இறந்தவர்களையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும். இதற்கெல்லாம் மேலாக, பாதிக்கப்பட்டவர்கள்மீதே நூறு கோடி ரைக்ஸ்மார்க் அபராதம் விதித்து, அவர்களுக்குச் சேரவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசு எடுத்துக்கொண்டது. பொம் ராத் வேறு ஒரு நாளில் இறந்திருந்தாலும் நாஜிக்கள் யூதர்களை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அன்றிரவு அந்த வேகத்தில் அந்த அளவில் அது நடந்ததற்கு, ஒரு ஆண்டுவிழா வன்முறைப் படைகளின் தலைவர்கள் அத்தனை பேரையும் ஒரே அறையில் கூட்டி வைத்திருந்ததும் காரணம்.

அதே ஆண்டுவிழாதான் அடுத்த ஆண்டு ஹிட்லரின் உயிரையே பறிக்கப் பார்த்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. வியூர்ட்டம்பர்க் பகுதியைச் சேர்ந்த கியோர்க் எல்ஸர் என்ற தச்சர், ஹிட்லர் எந்த நாளில் எந்த இடத்தில் நிற்பார் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒரே நிகழ்ச்சி இது என்பதைப் புரிந்துகொண்டு, பீர்க்கூடத்தில் இரவு இரவாக ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைந்து, கடிகார வெடிகுண்டு ஒன்றை வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு 9.20-க்கு அது வெடித்தது. மூடுபனியால் விமானத்தை விட்டு ரயிலில் திரும்ப வேண்டியிருந்த ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகவே வெளியேறியிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையில் பிடிபட்ட எல்ஸர், 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி, போர் முடிய ஒரு மாதம் இருக்கையில், டாஹாவில் கொல்லப்பட்டார். எந்தக் கட்சியின் துணையும் இன்றித் தனியொரு தொழிலாளி செய்த இந்தச் செயலுக்கு ஜெர்மனி மிகத் தாமதமாகவே மரியாதை செய்தது.

போருக்குப் பின்னும் இந்தத் தேதியைத் தெரிந்தே எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1969-இல் தீவிர இடதுசாரிக் குழு ஒன்று மேற்கு பெர்லின் யூத சமூக மையத்தில், 1938-இல் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தன்றே குண்டு வைத்தது. அது வெடிக்காமல் போனது பெரும்பேறு. இதற்கு நேரெதிராக, மியூனிக்கின் யூதர்கள் தங்கள் புதிய தொழுகைக் கூடத்துக்கு அடிக்கல் நாட்ட 2003-இலும், அதைத் திறந்து வைக்க 2006-இலும் நவம்பர் 9-ஐயே தேர்ந்தார்கள். இந்தத் தேதியோடு தொடர்புடைய எல்லாத் தேர்வுகளிலும் நான் மிகவும் மதிக்கும் தேர்வு இது.

1989-இல் பெர்லின் சுவர் திறந்ததற்கு மேற்சொன்ன எதனோடும் தொடர்பில்லை. போருக்குப் பின் இரண்டாகப் பிரிந்த நாட்டின் ஒரு பாதியான கிழக்கு ஜெர்மனியின் அதிகாரிகள் உண்மையில் மறுநாளையே மனத்தில் வைத்திருந்தார்கள். லைப்சிக்கில் அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் துணிந்து தெருவுக்கு வந்ததிலிருந்து ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது; ஆயிரக்கணக்கானோர் செக்கோஸ்லோவாக்கியா வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உள்துறை அதிகாரிகள் சிலர் 9-ஆம் தேதி காலையில் ஒரு புதிய பயண விதியை எழுதினார்கள். நவம்பர் 10 அதிகாலை நான்கு மணிக்கு அதை வெளியிட வேண்டும். மக்கள் அலுவலகங்களில் வரிசையில் நின்று விசா வாங்கிப் போக வேண்டும் என்பது திட்டம். அந்தத் தாள், அதைப் பற்றிய விவாதத்தில் இல்லாத கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியின் கைக்கு வந்தது. மாலை ஏழு மணியை நெருங்கும்போது, நேரலையில் ஒளிபரப்பான செய்தியாளர் கூட்டத்தில் அவர் அதை வாசித்தார். எப்போது முதல் என்று கேட்டபோது, தாளைப் புரட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார்.

எல்லை திறந்துவிட்டது என்று மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி சொல்ல, அதைக் கிழக்கில் பார்த்தவர்கள் எல்லைச் சாவடிகளுக்குத் திரண்டார்கள். காவலர்களுக்கோ எந்த உத்தரவும் வரவில்லை. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியின் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலதிகாரிகளைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் தெளிவான விடை கிடைக்காமல், இரவு பதினொன்றரை மணியளவில் தம் பொறுப்பிலேயே கதவைத் திறந்துவிட்டார். சுட உத்தரவு கேட்பதும் அவருக்கு இயலாத காரியம் அல்ல. 1961 ஆகஸ்ட் 13 முதல் 28 ஆண்டுகள் நின்று, குறைந்தது 140 உயிர்களைப் பலிகொண்ட பெர்லின் சுவர், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் அன்றிரவு பொருளிழந்தது. இதைத் தற்செயல் என்று நான் சொல்வது தேதியை மட்டுமே. நிகழ்ச்சிக்குப் பின்னால் மாதக்கணக்கில் தெருவில் நின்ற மக்களின் துணிவு இருந்தது.

தற்செயல் என்பதை நம்பத் தயங்குவோருக்கு ஒன்றை நினைவூட்டலாம்: நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைக் கைப்பற்றிய 1799-ஆம் ஆண்டின் அந்த நாளும் நவம்பர் 9-தான். அதற்கும் ஜெர்மனியின் இந்த வரிசைக்கும் எந்த உறவும் கிடையாது. ஒரு பெரிய நாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றை 365 நாட்களில் அடுக்கினால், சில நாட்களில் இரண்டு மூன்று பெரிய நிகழ்ச்சிகள் சேர்வது இயல்பு. ஆகவே ‘வரலாற்றில் இன்று’ என்ற பட்டியல்களைப் படிக்கும்போது, ஒரே தேதியில் வரும் இரு நிகழ்ச்சிகளில் பிந்தியதைச் செய்தவர்கள் முந்தியதை நினைத்துச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும். 1923-க்கும் 1938-க்கும் விடை ஆம். 1989-க்கு இல்லை.

இனி தேசிய நாள் பற்றி. சுவர் திறந்த மகிழ்ச்சியில் நவம்பர் 9-ஐயே தேசிய நாளாக்கலாம் என்ற யோசனை எழத்தான் செய்தது. தொழுகைக் கூடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை நடத்த முடியாது என்பதே அதற்கு எதிராக நின்ற பெரும் காரணம். அதைச் சரியான முடிவென்றே நான் கருதுகிறேன். அதற்குப் பதிலாக வந்த அக்டோபர் 3 அரசியல் கணக்கில் பிறந்த தேதி. ஜெர்மனி இணைவது குறித்து போரில் வென்ற நான்கு வல்லரசுகளுடன் 1990 செப்டம்பர் 12-இல் மாஸ்கோவில் கையெழுத்தான உடன்பாடு, அக்டோபர் 1, 2 தேதிகளில் நியூயார்க்கில் கூடிய ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டின் வெளியுறவு அமைச்சர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு முன் இணைய முடியாது. கிழக்கு ஜெர்மனி நிறுவப்பட்ட அக்டோபர் 7-ஐ இன்னொரு முறை தனிநாடாகக் கொண்டாட வேண்டிய நிலைக்கும் யாரும் போக விரும்பவில்லை. ஆகஸ்ட் 23 அதிகாலையில் கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் 294-க்கு 62 என்ற வாக்கில், அந்த இடைவெளியின் முதல் நாளான அக்டோபர் 3-ஐ இணைப்பு நாளாகத் தீர்மானித்தது.

நவம்பர் 9 இன்றுவரை விடுமுறை நாளாகவில்லை. அன்று மக்கள் பல ஊர்களில், நாஜிக்களால் கொல்லப்பட்டவர்களின் வீட்டு வாசல்களில் பதித்த சிறு பித்தளைக் கற்களைத் துடைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பெர்லினில் சுவர் நினைவிடத்திலும் கூடுகிறார்கள். 2018-இல், குடியரசு பிறந்த நூறாவது ஆண்டில், குடியரசுத் தலைவர் ஸ்டைன்மயர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை 1918, 1938, 1989 ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எடுத்துப் பேசியது; 2020-இல் அவரது மாளிகையின் கூடம் ஒன்றுக்கு ராபர்ட் புளூமின் பெயர் சூட்டப்பட்டது.